இருட்டு வார்டு

— அந்தத் தூக்குவாளியை மொதல்ல வெளில கொண்டு வையுங்கோ, மீனாட்சியம்மா. வார்டு பூரா நாத்தம்.

— ஏன் வைக்கணும்? எம் மருமவளுக்கு நான் கொண்டாந்த சோறு. ஒங்க மூக்குக்கு ஆவலன்னா மூக்கப் பொத்திக்கிடுங்க, டாக்டரம்மா.

— சத்தம் போடாதேங்கோ. இது சத்தமே ஆகாத வார்டாக்கும். வாசல்ல பலகையில எழுதிப் போட்டிருக்கேன். மராட்டியில, இங்கிலீஷ்ல, உங்களுக்காகத் தமிழ்லயும்.

— எனக்கு எந்த எழுத்தும் தெரியாது. இத்தன பாஷை எழுதத் தெரிஞ்ச ஒங்களுக்கு ஒரு சன்னலத் தெறக்கத் தெரியலயே! பட்டப்பகல்ல கறுப்புத் துணியத் தொங்கவிட்டு, பிள்ளத்தாச்சியக் கொண்டு குகைக்குள்ள போட்ட மாரி போட்டு வச்சிருக்கிய. சண்டைதான் முடிஞ்சு போச்சே, இன்னும் எந்த ஜப்பான்காரன் குண்டு போட வாரான்?

— வெளிச்சமும் சத்தமும் இவளுக்கு விஷம். போன ரெண்டு தரமும் பிரசவத்துல கைகால் வெட்டி இழுப்பு வந்தவளாக்கும். மறுபடி வராம காபந்து பண்ணத்தான் இந்த இருட்டு, இந்தக் கட்டில், எல்லாம்.

— அத்தே, பைய பேசுங்க. பக்கத்துக் கட்டில் மராட்டிக்காரி இப்பத்தான் கொறட்டை விட ஆரம்பிச்சா. பாவம், ராவு முழுக்க முனங்கிட்டுக் கெடந்தா.

— நீ பேசாத, ஏளா பேராச்சி. நீ எந்திரிச்சுக் கெளம்பு மொதல்ல. வெயிலுமுத்து வாசல்ல படுக்கைக்கட்டோட நிக்கான். ஆம்பிளைய உள்ள விடமாட்டேன்னுட்டான் அந்தக் கூர்க்கா. தோல்ஷாப்புல லீவு சொல்லிட்டு வந்துட்டான் எம் மவன். மெயிலுக்கு டிக்கெட்டு எடுத்தாச்சி. தாதர்ல ஏறுதோம்.

— எங்க ஏறறேள்?

— ரயில்ல. எங்க ஊருக்கு. இதையும் மூணு பாஷையில எழுதிக் காட்டணுமா?

— எட்டாம் மாசம் நடக்கறது. இந்தப் பிரஷரோட மெட்ராஸ் போய், அங்கேர்ந்து திருநெல்வேலி வரைக்கும் ரயில்லயா? மீனாட்சியம்மா, இவளை நீங்கோ உசிரோட ஏத்துவேள். எப்படி எறக்குவேள்னு எனக்குத் தெரியாது.

— எறக்கி நேரா எங்க இசக்கியம்மன் முன்னால கொண்டு நிறுத்துவேன். நேந்திருக்கேன். போன தடவ பிள்ளை போனப்பவே நேந்தேன். அடுத்தாப்புல இவ மாசமானா வயித்தோட ஒன் சன்னதிக்குக் கூட்டியாரேன், மரத்தொட்டிலு கட்டுதேன்னு. ஏழு மாசமா இன்னைக்கு நாளைக்குன்னு இழுத்தடிச்சது எந் தப்பு. சாமி காரியத்துல சாக்கு சொல்லப்பிடாது.

— ஷரி, சாமி இருக்கட்டும். அந்த வாளியில என்னவாக்கும் அது?

— கருவாட்டுக் கொழம்பு. ஏன், ஒங்க வார்டுல மீனு நொழஞ்சா தீட்டா? நீங்க மாட்டுங்கா ஐயரு வீட்டுப் பொண்ணு, ஒங்களுக்கு ஆவாதுன்னு எனக்கும் தெரியும். அதனாலதான் மூணு வாரமா ஒங்க கண்ணுல படாம கஞ்சிக்கு அடியில பதுக்கிக் கொண்டாந்தேன். இன்னைக்குத்தான் போறமே, இனி யாருக்குப் பயப்படணும்னு மூடியத் தெறந்தேன்.

— மூணு வாரமாவா?

— ஆமா.

— தெனமுமா?

— செவ்வாய், வெள்ளி கெடையாது. கோயிலுக்குப் போற நாளு.

— கருவாட்டுல... உப்பு உண்டோ?

— ஆத்தாடி! ஏ பேராச்சி, கேட்டியாளா கதைய! கருவாட்டுல உப்பு உண்டான்னு கேக்காவ! உப்புக்குள்ளயே கெடந்து காஞ்சாத்தான் தாயி அதுக்குப் பேரு கருவாடு. இல்லன்னா அது அழுகுன மீனு. இத்தனை படிச்சிருக்கிய, இது தெரியாதா?

— பகவானே! நான் உப்பே போடப்படாதுன்னு சொன்னேனே. இவளைச் சேத்த அன்னிக்கே, உங்க கையைப் பிடிச்சுண்டு சொன்னேனே!

— போடலயே! எம் மவன் மேல ஆணையாச் சொல்லுதேன், கொழம்புல ஒரு கல்லு உப்பு போட்டிருந்தா எங் கை வெளங்காமப் போவட்டும். கருவாடு அது பாட்டுக்கு இருந்துச்சி, நான் எங்க உப்புப் போட்டேன்?

— நான் இங்க தெனம் பிரஷர் பாத்துண்டு, மருந்து போறலயோ, படுக்கை போறலயோன்னு மண்டையை ஒடச்சிண்டிருக்கேன். மூணு வாரமா படுத்த படுக்கையில கெடக்கறவளுக்கு ஏன் எறங்க மாட்டேங்கறதுன்னு புஸ்தகத்தைப் பொரட்டிண்டிருக்கேன். உப்பு என்னடான்னா, தாராவியிலேர்ந்து தூக்குவாளியில நடந்து வந்துண்டிருக்கு!

— நாந்தான் கேட்டேன், டாக்டரம்மா. அத்தைய ஏசாதிய. ஒங்க ஆஸ்பத்திரிக் கஞ்சி செவுத்துக்கு அடிக்கிற சுண்ணாம்பு மாரி இருந்துச்சி. தொண்டைக்குள்ள எறங்கல. எனக்கு உப்புன்னா வெள்ளையா கல்லு கல்லா இருக்குமே, அதுதான் உப்பு. கருவாடு மீனு. நீங்க மீனு தின்னாத ஆளு, மொகஞ்சுளிப்பியன்னுதான் போர்வைக்குள்ள வச்சுத் தின்னேன்.

— மொகஞ்சுளிக்கறதுக்கு நான் யாருடீ? நீ திமிங்கலத்தைத் தின்னா எனக்கென்ன, உப்பில்லாமத் தின்னேன்னா ஷரி. தப்பு எம்மேலயும் உண்டு. ஊறுகாய் ஆகாதுன்னு சொன்னேன். அப்பளம் ஆகாதுன்னு சொன்னேன். எங்காத்து அடுக்களையில உப்பானது என்னென்ன உண்டோ அத்தனையும் சொன்னேன். உங்காத்து அடுக்களையில என்ன உண்டுன்னு ஒரு வார்த்தை கேக்கலை.

— ஊறுகாயும் அப்பளமுமா! எங்க ஒத்த ரூம்புக் கோலியில அதை யாரு கண்டா! ரேஷன்ல போடுத சோளத்தப் பொங்கித் தின்னுட்டுக் கெடக்கோம். அதைத் தொண்டைக்குள்ள தள்ளணும்னா ஒரு துண்டு கருவாடு வேணும். நல்லாருக்கே கதை, தப்பும் சொல்லுதாவ, தப்ப ஒத்துக்கிடவும் செய்தாவ, இவுகள என்னன்னுதான் ஏச! சரி, கருவாடு போவட்டும். இனி கொண்டாரல. ஏளா, எந்திரி.

— எந்திரிக்கப்படாது! பேராச்சி, எடது பக்கமாவே படுத்துக்கோ. கையைக் குடு. பிரஷர் பாக்கட்டும்.

— இன்னா, பிடியுங்க.

— என்னத்துக்கு இந்த சைக்கிளு பம்பு? நித்தம் இதைக் கட்டிக் காத்தடிச்சு அடிச்சுத்தான் அவ கையி இப்படி வீங்கிப் போய்க் கெடக்கு.

— செத்தே பேசாம இருங்கோ. நாடி சத்தம் கேக்கணும்.

...

— என்ன, கூடியிருக்கா?

— கூடித்தான் இருக்கு. நேத்திக்கு விட ஏறித்தான் நிக்கறது. கருவாட்டுக்கும் உங்க சண்டைக்கும் சேத்து ஏறியிருக்கு.

— இன்னொண்ணும் கேக்கணும்னு இருந்தேன். எங்க பிள்ளை மூத்திரத்தக் கண்ணாடிக் கொழாயில புடிச்சு, வெளக்குல வச்சுக் காய்ச்சுதியளாமே? எங்க லைனு பொம்பளைக அத்தன பேரும் சிரிக்காளுவ. எம் ஆயுசுல இப்படி ஒரு சமையலக் கேட்டதில்ல.

— சிரிக்கட்டும். நன்னா இருக்கறவளுக்குக் காய்ச்சினாலும் அது தண்ணியாவே நிக்கும். இவளுக்கு முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரையறது. ரத்தத்துல நிக்க வேண்டிய சத்து வெளில ஒழுகறதுன்னு அர்த்தம். காலு வீங்கறது, கை வீங்கறது, பிரஷர் ஏறறது, கடைசியில மூளைக்கு ஏறி இழுப்பு வரது. அதாக்கும் இவ வியாதி. இதுல இசக்கியும் இல்லை, பேயும் இல்லை.

— இசக்கியச் சொல்லாதிய. நாக்கு அழுகிரும்.

— அழுகட்டும். போன தரம் இழுப்பு வந்தப்போ என்ன பண்ணினேள்? அதைச் சொல்லுங்கோ.

— என்ன பண்ண? ஆண்டாப் ஹில்லுல எங்க ஊரு கோடாங்கி ஒருத்தரு இருக்காரு. ஆளு விட்டுக் கூட்டியாந்தோம். உடுக்கடிச்சாரு. இசக்கிதான் வந்து நிக்கா, கேட்ட சேவலக் குடுக்காம எறங்க மாட்டேங்கான்னாரு.

— எத்தனை நேரம் அடிச்சார்?

— காலையில ஆரம்பிச்சது. பொழுதடையற வரைக்கும்.

— அத்தனை நேரமும் இவ இழுத்துண்டேவா கெடந்தா? மாட்டுங்காவும் சயானும் ரெண்டு பக்கமும் இருக்கச்சே, ஒரு டாக்டரைக் கூப்பிடத் தோணலையா உங்களுக்கு?

— சாமி வந்து ஆடுதவளுக்கு டாக்டரு என்ன செய்வான், ஊசி போட்டு சாமிய எறக்குவானா? எங்களுக்குத் தெரிஞ்சதச் செஞ்சோம். வேணும்னா செஞ்சோம்? எங்க வீட்டுப் பிள்ளை கண்ணு முன்னால வெட்டி வெட்டி இழுக்கா, பல்லு கிட்டிப் போச்சி, வாயில நொரை தள்ளுது. நான் என்ன ஓரமா ஒக்காந்து வெத்தல போட்டுட்டா இருந்தேன்?

— அத்தே, நான் ஒண்ணு சொல்லட்டுமா? ஏச மாட்டியளே?

— சொல்லித் தொலை.

— வேப்பங்கொழையால அவன் அடிச்ச அடி ஒண்ணும் எனக்குத் தெரியாது. முழிச்சுப் பாக்கேன், முதுகெல்லாம் தடிச்சுப் போய்க் கெடக்கு, வயிறு காலியா இருக்கு. பிள்ளை எங்கன்னு கேட்டேன். அன்னைக்கு ராவுல இருந்து நானும் நெனச்சு நெனச்சுப் பாக்கேன். இசக்கி யாரு? அவளும் வயித்துப் பிள்ளையோட செத்தவன்னுதான சொல்லுதிய? பேறுகாலத்து நோவு அவளுக்குத் தெரியாதா? தன்ன மாரி ஒருத்திய, வயித்தத் தள்ளிட்டு நடக்க மாட்டாம நடக்கவள, அவ என்னத்துக்குச் சாவடிக்கணும்? அவளுக்கு வேற சோலி இல்லயா? கோடாங்கிக்குச் சேவல் வேணும், அவ மேல பழியப் போட்டுட்டான். நான் இசக்கிய நம்புதேன் அத்தே. அவனத்தான் நம்பல.

— பாத்தியளா டாக்டரம்மா, மூணு வாரத்துல ஒங்க பேச்சு ஒட்டிக்கிட்டு.

— எம் பேச்சு இல்லை. இவ என்னைக்குமே இப்படித்தான்னு பாத்தாலே தெரியறது.

— அதுவும் சரிதான். சின்னதுல இருந்தே இவளுக்கு வாயி சாஸ்தி. எம் மடியில கெடந்து வளந்த வாயி. ஆனா ஒண்ணு கேக்கேன், நேராப் பதில் சொல்லுங்க. இந்தப் பெரிய பம்பாயில எத்தன பொம்பளை பிள்ளை பெக்கா. ஒருத்தியும் இப்படி வாரக்கணக்கா ஆஸ்பத்திரியில படுத்துக் கெடக்கல. வலி வந்தா வாரா, பெத்துட்டுப் போறா. நீங்க இவளை மட்டும் ஏன் புடிச்சு வச்சிருக்கிய?

— இதே கேள்வியை எங்க பெரிய டாக்டரும் கேக்கறார். வலி வராத பொம்மனாட்டிக்கு எதுக்குக் கட்டில்னு கேக்கறார். பிள்ளை பெத்தவாளைத் தரையில பாய் போட்டுப் படுக்க வச்சிண்டு, பெறாதவாளுக்குக் கட்டில் மெத்தையான்னு கேக்கறார். ஒரு வருஷம் சண்டை போட்டாக்கும் இந்த நாலு கட்டிலை வாங்கினேன். வலி வந்து, இழுப்பும் வந்து, ஜட்கா வண்டியில தூக்கிண்டு வந்து போடறாளே, அவாளைக் காப்பாத்தறதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்லை. வரதுக்கு முன்னாடி பிடிச்சாத்தான் உண்டு. அதை அந்த மனுஷருக்குக் காட்டணும். இவளும் பிள்ளையும் சேந்து இந்த வாசப்படியைத் தாண்டி நடந்து போகணும். அன்னிக்குத்தான் அவர் வாயை மூடுவார்.

— அப்பச் சரி. ஒங்க வீறாப்புக்கு எங்க பிள்ளையா?

— அதுவும் உண்டு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். வீறாப்பு இல்லேன்னா நான் டாக்டருக்கே படிச்சிருக்க மாட்டேன், எங்கப்பா பன்னெண்டு வயசுல கல்யாணம் பண்ணி அனுப்பியிருப்பார். ஆனா வீறாப்புக்காக இவளைப் பலி குடுக்கமாட்டேன். அதுக்கும் இவகிட்ட சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— என்ன சத்தியம்?

— இன்னும் ரெண்டு வாரம் போகணும். ரெண்டு வாரம் தள்ளிட்டா பிள்ளை கொஞ்சம் பலத்துடும், எடுத்துப் பஞ்சுல பொதிஞ்சு வச்சுப் பொழைக்க வச்சுடுவேன். இப்போ எடுத்தா ரொம்பக் கஷ்டம். அதனாலதான் காத்துண்டிருக்கேன். ஆனா அதுக்குள்ள, தாங்க முடியாத தலைவலி, கண் மங்கறது, நெஞ்சடைக்கறது, இப்படி இவ ஒடம்பு ஒரே ஒரு அடையாளம் காட்டட்டும். ஒரு நிமிஷம் காக்கமாட்டேன். அடுத்தது இழுப்புத்தான்னு அர்த்தம். அந்த க்ஷணமே வயத்தைக் கீறிப் பிள்ளையை எடுத்துடுவேன்.

— எட்டாம் மாசத்துலயா? ஏழாம் மாசப் பிள்ளை தங்கும், எட்டாம் மாசப் பிள்ளை தங்காதுன்னு எங்க ஊர்ல ஆடு மேய்க்கவளுக்குக்கூடத் தெரியும்!

— தெரிஞ்சேதான் எடுப்பேன்.

— பிள்ளை போனா?

— தாய் இருப்பா.

— இப்படிப் பொசுக்குன்னு சொல்லுதியளே! ஒங்களுக்குப் பிள்ளை குட்டி இருக்கா?

— இல்லை. கல்யாணமே இல்லை. அதனால எனக்குத் தெரியாதுன்னு சொல்லப் போறேளா? சொல்லுங்கோ. எங்காத்துலயும் அதையேதான் சொல்றா.

— கத்திப் பேச்ச விடுங்க ரெண்டு பேரும்! யாரும் கீறவும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ரெண்டு வாரந்தான? கெடக்கேன். ரெண்டு வாரம் என்ன, ரெண்டு வருசம் இப்படியே மல்லாக்கக் கெடக்கச் சொன்னாலும் கெடக்கேன். ரயிலுக்கும் வரமாட்டேன், கத்திக்கும் வரமாட்டேன். கருவாடும் வேண்டாம், அந்தச் சுண்ணாம்பையே குடிக்கேன். இந்தப் பிள்ளைய நான் ஒம்பதாம் மாசத்துக்குக் கொண்டாந்து சேத்துக் காட்டுதேன்.

— யாருக்குளா காட்டப் போற?

— தண்ணி பிடிக்கப் பைப்படியில நிக்கவளுகளுக்கு. ஒங்களுக்குத் தெரியாதா அத்தே? நான் கொடத்தோட போனா தன் கொடத்த எடுத்துக்கிட்டு வெலகுதாளுவ. எம் நெழலு பட்டா அவளுக மவளுக்குப் பிள்ளை தங்காதாம். பிள்ளைமுழுங்கின்னு எனக்குப் பேரு வச்சிருக்காளுவ. காதுபடவே சொல்லுதாளுவ. ஒரு நாளைக்கு, ஒரே ஒரு நாளைக்கு, இந்தப் பிள்ளைய இந்த இடுப்புல வச்சுக்கிட்டு, கொடத்த அந்த இடுப்புல வச்சுக்கிட்டு, அந்தப் பைப்படிக்கு நடந்து போவணும். அப்பவும் வெலகத்தான் போறாளுவ. எனக்கு வழி விட வெலகட்டும்.

— அந்த மூதிகளுக்காவவா இப்படிக் கெடக்கே? சவத்துப் பயவிள்ளைக! அவளுக நாக்குல வசம்பு வச்சுத் தேய்க்க! எங்கிட்ட சொல்லியிருந்தா அன்னைக்கே கொடத்தாலயே மண்டைய ஒடச்சிருப்பனே!

— எத்தன மண்டைய ஒடப்பிய? லைனு முழுக்க மண்டைதான்.

— சிரிக்காதடி! சிரிப்பு வருதா ஒனக்கு? ஏ பேராச்சி, இங்க கேளு. டாக்டரம்மா, நீங்களும் கேளுங்க. இவ எனக்கு மருமவன்னுதான ஒங்களுக்குத் தெரியும்? இவ எந் தம்பி மவ. இவ ஆத்தா காலராவுல போனப்ப இவளுக்குப் பல்லு மொளைக்கல. அன்னைக்கு எம் இடுப்புல ஏறினவ. இவளுக்குத் தாய்வீடும் நாந்தான், மாமியா வீடும் நாந்தான். பேறுகாலத்துக்குப் போறதுக்கு வேற போக்கு கெடையாது.

— எனக்குத் தெரியாது, மீனாட்சியம்மா. சொல்லவே இல்லையே.

— கேட்டாத்தான சொல்ல? ஏளா, இசக்கிகிட்ட நான் பேரப்பிள்ளை கேட்டு நேந்தேன்னா நெனச்சே? ரெண்டு பேரப்பிள்ளையயும் நாந்தான் துணியில சுத்திக் குடுத்தேன். அழுதேன். மூணாம் நாளு சோறு தின்னேன். எட்டாம் நாளு வேலைக்குப் போனேன். அது முடிஞ்சுது. ஆனா ஒன்னையச் சுத்திக் குடுத்துட்டு நான் சோறு திங்கமாட்டேன். என்னால ஆவாது. தாயே, பிள்ளை ஒன் இஷ்டம், குடுத்தாக் குடு, குடுக்காட்டா போ, எம் பேராச்சிய மட்டும் விட்டுரு. இதைத்தான் நேந்தேன். தொட்டிலு பிள்ளைக்குன்னு ஊர்ல நெனச்சுக்கிடுவாக. நெனச்சுட்டுப் போவட்டும்.

— ...அத்தே, அழாதிய.

— அழல. எனக்கு என்ன அழுகை! மூக்குல கருவாட்டு வாடை ஏறிட்டு. டாக்டரம்மா, நீங்க சொன்னது காதுல விழுந்துச்சி. பிள்ளை போனா தாய் இருப்பான்னிய. பொசுக்குன்னு சொல்லுதாளேன்னு மொதல்ல வயிறு எரிஞ்சுது. இப்பச் சொல்லுதேன், அதுதான் எனக்கும் வேணும். மவங்கிட்ட நான் பேசிக்கிடுதேன். அவன் எம் பேச்சத் தட்டமாட்டான். இன்னைக்கே கீறிருங்களேன்? என்னத்துக்கு ரெண்டு வாரம் உசிரக் கையில பிடிச்சுட்டு நிக்கணும்?

— அப்படி எடுத்தேன் கவுத்தேன்னு பண்ண முடியாது. அறுக்கறதும் சின்னக் காரியமில்லை, அதுலயும் ஆபத்து உண்டு. கத்தி எடுக்கணும்னா எடுக்க வேண்டிய காரணம் வேணும். பிரஷர் ஏறித்தான் இருக்கு, ஆனா உப்பு இன்னிக்கோட நின்னா எறங்கலாம். வேற அடையாளம் ஒண்ணும் இல்லை. கார்த்தால சிஸ்டர் வந்து எல்லாம் கேட்டிருக்கா, எல்லாம் பரா ஹை, நன்னா இருக்குன்னு இவ சொல்லியிருக்கா. பிள்ளையோட நெஞ்சடிப்பும் நன்னா கேக்கறது. ஒரு வேளை, ஒரு வேளைதான், ரெண்டு பேரையுமே காப்பாத்திடலாம். அந்த ஒரு வேளைக்காகத்தான் காத்துண்டிருக்கேன்.

— ரெண்டு பேருமா?

— ரெண்டு பேரும். ஆனா நீங்கோ எனக்கு ஒத்தாசை பண்ணணும். ரயில் கூடாது, கோடாங்கி கூடாது, கருவாடு கூடவே கூடாது. நாளைக்கு வந்து, உங்காத்துல என்னென்ன சமைப்பேள்னு ஒண்ணு விடாம எனக்குச் சொல்லுங்கோ. உக்காந்து கேக்கறேன்.

— மாட்டுங்கா ஷ்யாமளா டாக்டரு தாராவிக்காரிகிட்ட சமையல் கேக்கப் போறாவளாம். கலிகாலந்தான். சரி. இசக்கி கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கிடட்டும், நான் சமாதானம் சொல்லிக்கிடுதேன். பிள்ளத்தாச்சி படுத்துக் கெடக்கா தாயே, வரமுடியல, நீயும் பொம்பளைதானன்னு இங்க இருந்தே கும்பிட்டுக்கிடுதேன். ஏளா பேராச்சி.

— என்ன அத்தே?

— டிக்கெட்டக் கிழிச்சுப் போட்டுட்டு, வெயிலுமுத்த படுக்கைக்கட்டோட வீட்டுக்கு வெரட்டிட்டு, நான் இந்த வாசல்லயே ஒக்காந்துக்கிடுதேன். கூர்க்கா ஏசுனா ஏசட்டும். ஆனா அதுக்கு முன்னால எனக்கு ஒரு வார்த்தை சொல்லு. சிஸ்டருகிட்ட சொன்ன மாரி சொல்லாத, டாக்டரம்மாகிட்ட சொன்ன மாரியும் சொல்லாத. பொறந்ததுல இருந்து நீ எங்கிட்டப் பொய் சொன்னதில்ல. பைப்படிக்காரியும் வேண்டாம், ஒம்பதாம் மாசமும் வேண்டாம். அத்தைக்காக நான் இருக்கேன், சாவமாட்டேன்னு சொல்லு.

— அத்தே...

— அங்கன மேல மோட்டுவளையில என்னத்தப் பாக்கே? எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லு.

— சொல்லுதேன். சாவமாட்டேன் அத்தே, ஒங்களுக்காவயும் சாவமாட்டேன், எனக்காவயும் சாவமாட்டேன். டாக்டரம்மா, ஒங்களுக்குக் காரணம் வேணும்னியளே, குடுக்கேன், கத்திய எடுங்க. அத்தே, எங் கையப் புடிச்சு ஒங்க மூஞ்சியில வையுங்க, எந்தப் பக்கம் நிக்கியன்னு தெரியல. விடிஞ்சதுல இருந்து எனக்கு ரெண்டு கண்ணும் தெரியல.